வைரஸ் படத்துக்கு கீழ ஒரு வரி சேர்த்து போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தென்காசி பக்கம் ஒரு ஸ்கூல்ல ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்குற டீச்சர். உங்க பேப்பர் எங்க அப்பா காலத்துல இருந்து எங்க வீட்டுக்கு வருது, ஆனா ஆசிரியருக்குன்னு கடிதம் எழுதுறது இதான் முதல் தடவை. டெங்கு, நிபா, பன்றிக் காய்ச்சல், கொரோனா எதுவா இருந்தாலும் அந்த செய்திக்கு பக்கத்துல ஒரு வைரஸ் படம் போடுறீங்க, உருண்டையா, ரத்தச் சிவப்புல இல்லன்னா பாசிப் பச்சைல, மேல முள்ளு முள்ளா. அந்த படத்துக்கு கீழ "இந்த நிறம் செயற்கையாகச் சேர்க்கப்பட்டது"ன்னு சின்ன எழுத்துல ஒரு வரி சேர்த்து போடுங்க. கோரிக்கை அவ்ளோதான். ஆனா இதை ஏன் இவ்ளோ அழுத்தி கேக்குறேன்னு புரியணும்னா ஒருத்தரோட வேலைய பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், அவர் டாக்டரும் கிடையாது விஞ்ஞானியும் கிடையாது, கண்ணாடில சிற்பம் பண்றவர்.

லூக் ஜெரம்னு பேரு. 1974ல பொறந்தவர், இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்துல இருந்து வேலை பார்க்குறார், வேல்ஸ்ல கார்டிஃப்ல கலை படிச்சவர். அவரை பத்தி முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது அவருக்கு நிறக்குருடு இருக்குங்கறது. எங்க ப்ளஸ் டூ விலங்கியல்ல பால் சார்ந்த மரபுக்கடத்தல்னு ஒரு பாடம் வரும், எக்ஸ் குரோமோசோம்ல இருக்குற ஒரு ஜீன்ல குறை இருந்தா சிவப்பும் பச்சையும் பிரிச்சு பார்க்க முடியாது, அம்மாகிட்ட இருந்து பையனுக்கு வரும், அதனாலதான் பொண்ணுங்கள விட பசங்களுக்கு அதிகம்னு படம் போட்டு நடத்துவோம். ஐரோப்பாவுல பார்த்தா ஆம்பளைங்கள்ல ஏறக்குறைய 12 பேருக்கு ஒருத்தர் இப்படி. அணுக் கொள்கை சொன்ன ஜான் டால்டனுக்கும் இது இருந்துச்சு, 1794லயே தன்னோட கண்ணை பத்தி தானே ஆராய்ச்சி கட்டுரை வாசிச்ச மனுஷன் அவர். ஜெரம் இதை ஒரு குறையா வச்சு உக்காரல, நம்ம கண்ணு எதை பார்க்குது, மூளை அதை என்னவா எடுத்துக்குதுங்கற கேள்விதான் அவரோட எல்லா வேலைக்கும் அடியில ஓடுது.

2004 வாக்குல அவருக்கு ஒரு கேள்வி வந்துச்சு. பத்திரிகை, டிவி, பாடப் புத்தகம்னு எங்க பார்த்தாலும் வைரஸ் பளபளன்னு கலர் கலரா இருக்கே, இந்த கலரை யார் முடிவு பண்றாங்க? சில படத்துல கலர் குடுக்குறது அறிவியல் காரணத்துக்கு, இந்த பாகம் வேற அந்த பாகம் வேறன்னு பிரிச்சு காட்டுறதுக்கு. சில படத்துல சும்மா பார்க்க எடுப்பா இருக்கட்டும்னு குடுக்குறாங்க. பார்க்குற சாதாரண ஆளு எது எதுன்னு எப்படி கண்டுபிடிப்பாரு? இதான் அவர் கேட்டது. எனக்கு தெரிஞ்சு இவ்ளோ நியாயமான கேள்விய கேக்குறதுக்கு கலர் சரியா தெரியாத ஒரு மனுஷன் தேவைப்பட்டிருக்கார், அது என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சுது.

ஏன்னா உண்மை என்னன்னா வைரஸுக்கு கலர் கிடையாது. நம்ம கண்ணுக்கு தெரியுற ஒளியோட அலைநீளம் சுமாரா 400 நானோமீட்டர்ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும், ஊதால ஆரம்பிச்சு சிவப்புல முடியுது (ஒரு மில்லிமீட்டரை பத்து லட்சமா பிரிச்சா அதுல ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). கொரோனா வைரஸ் சுமாரா 100 நானோமீட்டர், எச்.ஐ.வி. 120 பக்கம், ஜிகா, டெங்கு எல்லாம் 50 நானோமீட்டர்தான். ஒளியோட அலையே அதை விட பல மடங்கு பெருசு, அப்புறம் அது மேல பட்டு "இது சிவப்பு, இது பச்சை"ன்னு நமக்கு எப்படி சேதி கொண்டு வரும்? நாம சட்டைக்கும் பூவுக்கும் சொல்ற அர்த்தத்துல ஒத்தை வைரஸ் துகளுக்கு கலர்னு ஒன்னு சொல்லவே முடியாது. அதனாலதான் சாதா மைக்ராஸ்கோப்ல வைரஸ் தெரியாது, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேணும், 1931ல ஜெர்மனில எர்ன்ஸ்ட் ருஸ்கா கண்டுபிடிச்சு ரொம்ப வருஷம் கழிச்சு 1986ல நோபல் பரிசு வாங்கினாரே அது. அதுல ஒளிக்கு பதிலா எலக்ட்ரான் பாயுது, அதனால வர்ற படம் எல்லாமே கறுப்பு வெள்ளைதான். 1960கள்ல மனுஷனை தாக்குற கொரோனா வைரஸை முதல்முதலா மைக்ராஸ்கோப்ல படம் பிடிச்ச ஜூன் அல்மெய்டா, அந்த அம்மா ஸ்காட்லாந்துல ஒரு பஸ் டிரைவரோட மகள், 16 வயசுல ஸ்கூலை விட்டு லேப் வேலைக்கு போனவங்க, அவங்க எடுத்த படமும் சாம்பல் கலர்தான். அதுக்கு மேல வர்ற சிவப்பு, பச்சை, ஊதா எல்லாமே யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டர்ல உக்காந்து பூசினது.

இதை எழுதி விளக்குறதுக்கு பதிலா ஜெரம் கண்ணாடிய எடுத்தார். கலரே இல்லாத, உள்ள இருக்குறதெல்லாம் அப்படியே தெரியுற தெளிவான கண்ணாடி. இந்த வரிசைக்கு அவர் வச்ச பேரு கண்ணாடி நுண்ணுயிரியல். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல ஆண்ட்ரூ டேவிட்சன்னு ஒரு வைராலஜிஸ்ட், அதாவது வைரஸ் ஆராய்ச்சியாளர், அவரோட உக்காந்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்கள், ஆராய்ச்சி கட்டுரைல வர்ற மாடல்கள் எல்லாத்தையும் சேர்த்து ஒரு வடிவத்துக்கு வந்து, அதை வரைஞ்சு, அப்புறம் கண்ணாடி ஊதுற கைவினைஞர்கள்கிட்ட குடுத்து செய்ய வச்சார். எச்.ஐ.வி., பெரியம்மை, பன்றிக் காய்ச்சல், ஈ. கோலை பாக்டீரியா, பாக்டீரியாவ தாக்குற ஃபேஜ் வைரஸ்னு ஒவ்வொன்னா வந்துச்சு. வைரஸ் சிற்பம் எல்லாம் நிஜத்தை விட ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு பெருசு, ரெண்டு கையாலயும் தாங்கி பிடிக்குற சைஸ். 160 சென்டிமீட்டர் உயரம் இருக்குற ஒரு ஆளை அதே கணக்குல பெருசாக்கினா 1600 கிலோமீட்டர் வரும், சென்னைல தலைய வச்சா கால் கொல்கத்தா கிட்ட போயிடும், அந்த கணக்கை போர்டுல போட்டு காட்டினப்ப எங்க கிளாஸ் பிள்ளைங்க முகத்துல நான் பார்த்த ஆச்சரியம் எந்த கலர் படத்துக்கும் வந்ததில்ல.

அந்த சிற்பத்தோட போட்டோவ முதல் தடவை பார்க்குறவங்களுக்கு ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல நடக்கும்னு நினைக்குறேன். அழகா இருக்கேன்னு கண்ணு கிட்ட போகும், இது எச்.ஐ.வி. ஆச்சேன்னு மனசு பின்னாடி வரும். எச்.ஐ.வி. சிற்பத்துல வெளிய ஒரு கூடு, அது மேல குமிழ் குமிழா புரதங்கள், உள்ள ஒரு பக்கம் குறுகின கூம்பு மாதிரி இன்னொரு கூடு, அதுக்குள்ள வைரஸோட மரபுச் செய்தி இருக்குற ஆர்என்ஏ இழை சுருண்டு கிடக்கும். பாடப் புத்தகத்துல குறுக்கு வெட்டுத் தோற்றம்னு பாதியா வெட்டி காட்டுவோமே, இங்க வெட்டவே வேணாம், முழுசா இருக்கும்போதே உள்ள தெரியுது. ஒரு டீச்சரா சொல்றேன், இது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா? பிள்ளைங்க பாதி வெட்டின படத்தை பார்த்துட்டு வைரஸ்னா பாதி உருண்டைன்னே மனசுல வச்சிருக்கும்.

செய்யுறதும் லேசுல நடக்குறது இல்ல. லேப்ல டெஸ்ட் டியூப், ஃப்ளாஸ்க் செய்யுற போரோசிலிகேட் கண்ணாடிதான் இதுக்கும். கேஸும் ஆக்ஸிஜனும் கலந்து எரியுற சுவாலைல கண்ணாடி குழாயையும் குச்சியையும் உருட்டி உருட்டி இளக வச்சு ஊதணும், இழுக்கணும், ஒட்டணும். சாதா கண்ணாடி சூட்டுல விரியுற அளவுல இது ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் விரியும், அதனாலதான் ஒரு பக்கம் சூடு இன்னொரு பக்கம் குளிர்ச்சின்னு இருந்தாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்குது. அப்படி இருந்தும் ஒரு கூட்டுக்குள்ள இன்னொரு கூடு, அதுக்குள்ள சுருள்னு வரும்போது வெளிய சூடு காட்டுறப்ப உள்ள இருக்குறது நசுங்கக்கூடாது, முள்ளு ஒவ்வொன்னா ஒட்டுறப்ப ஏற்கனவே ஒட்டினது வளையக்கூடாது, கடைசியா சூளைல வச்சு மெதுவா ஆற விடலன்னா உள்ளுக்குள்ள இறுக்கம் நின்னு என்னைக்கோ ஒரு நாள் தானா வெடிக்கும். ஜெரம் வரைஞ்ச சிலதை கண்ணாடில செய்யவே முடியலயாம், அவ்ளோ மெல்லிசு, தன்னோட எடையையே தாங்காம இடிஞ்சிடும். தண்ணிக்குள்ள, ரத்தத்துக்குள்ள மிதக்குற ஒரு பொருளுக்கு புவியீர்ப்பு ஒரு பொருட்டே இல்ல, அதை மேஜை மேல நிக்க வைக்கணும்னா அந்த கவலை வந்துடுது.

இன்னொன்னும் சொல்லணும், இது எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். சில வைரஸ்ல ஆர்என்ஏ உள்ள எப்படி மடிஞ்சு கிடக்குதுன்னு விஞ்ஞானிகளுக்கே முழுசா தெரியாது, ஒரு கட்டுரை ஒரு மாதிரி சொல்லும், இன்னொன்னு வேற மாதிரி சொல்லும். பேப்பர்ல படம் போடும்போது அந்த சந்தேகம் மறைஞ்சு போயிடும், எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு கெட்டியான படம் வந்துடும். சிற்பம் பண்றவருக்கு அந்த வசதி கிடையாது, கம்பி எங்க இருந்து எங்க போகணும்னு கண்ணாடி ஊதுறவருக்கு சொல்லியாகணும், அப்ப தெரியாத இடம் எதுன்னு தானா வெளிய வந்துடுது. இதுவரைக்கும் வராத, இனிமே உருமாறி வரப்போற ஒரு வைரஸை கற்பனை பண்ணியும் ஒன்னு செஞ்சிருக்கார், வரப்போற பிறழ்வு, இன்னும் பேர் வைக்கலங்கற அர்த்தத்துலதான் அதுக்கு தலைப்பு வச்சார். 2010ல அமெரிக்காவுல கார்னிங் கண்ணாடி மியூசியம் இந்த வேலைக்காக ரேக்கோ விருது குடுத்துச்சு. அந்த பேரில்லாத வைரஸுக்கு பத்து வருஷத்துல ஒரு பேரு வரும்னு அன்னைக்கு யாருக்கு தெரியும்.

எச்.ஐ.வி. சிற்பத்தோட போட்டோவ பார்த்துட்டு 2009ல ஒருத்தர் ஜெரமுக்கு எழுதின கடிதத்தை அவர் பேர் இல்லாம வெளியிட்டிருக்கார். எழுதினவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கு. இந்த மாதிரி லட்சக்கணக்குல என் உடம்புக்குள்ள இருக்கு, வாழ்நாள் முழுக்க இருக்கும், இதுவரைக்கும் பார்த்த எந்த படத்தை விடவும் உங்க சிற்பம்தான் அதை எனக்கு நிஜமாக்குச்சு, கண்ணை எடுக்கவே முடியலங்கற மாதிரி எழுதியிருந்தாங்க. இதை படிச்சப்ப எனக்கு நம்ம ஊர் ஞாபகம்தான் வந்துச்சு. இந்தியாவுல எச்.ஐ.வி. முதல்ல கண்டுபிடிச்சதே சென்னைலதான், 1986ல, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி டாக்டர் நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகள்ல. அதுக்கப்புறம் பல வருஷம் சுவர்லயும் பஸ்லயும் வந்த விழிப்புணர்வு விளம்பரத்தை யோசிச்சு பாருங்க, மண்டை ஓடு, சிவப்பு, கொம்பு வச்ச கிருமி. புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமான்னு ஊரே பேசினப்ப பயம் வந்துச்சு, எச்சரிக்கையும் வந்துச்சு, சந்தோஷம்தான், ஆனா அந்த கொம்பு வச்ச சிவப்பு கிருமி போஸ்டரை ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து பார்த்த ஒரு நோயாளிக்கு எப்படி இருந்திருக்கும்? தனக்குள்ள இருக்குறது ஒரு பேய்னுதானே அந்த படம் சொல்லியிருக்கும்? நோயை விட நோயாளிய ஒதுக்கினதுதான் அந்த காலத்துல பெரிய கொடுமை, அதுல படத்துக்கும் கலருக்கும் ஒரு பங்கு இருந்துச்சுன்னு நான் உறுதியா நம்புறேன். ஜெரமோட கண்ணாடி வைரஸ் பயமுறுத்தவும் இல்ல, சமாதானம் சொல்லவும் இல்ல, இதான் இருக்குன்னு காட்டுது, அந்த நோயாளிக்கு அதான் தேவைப்பட்டிருக்கு.

பெரியம்மைக்கும் அப்படித்தான். எங்க பக்கம் எழுபது எண்பது வயசுக்காரங்க முகத்துல இன்னும் அந்த தழும்பை பார்க்கலாம், அம்மை போட்டுச்சு, ஆத்தா வந்தான்னு சொல்லி வேப்பிலை கட்டின வீடுகள். இந்தியாவுல கடைசி நோயாளி 1975ல, உலகத்துல இயற்கையா வந்த கடைசி கேஸ் 1977ல சோமாலியாவுல, 1980ல ஒழிச்சாச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சுது. இப்ப அந்த வைரஸ் அதிகாரப்பூர்வமா இருக்குறது அமெரிக்காவுல ஒரு லேப், ரஷ்யாவுல ஒரு லேப், அவ்ளோதான். கோடிக்கணக்கான பேரை கொண்டுபோன அது எப்படி இருந்துச்சுன்னு இன்னைக்கு பிள்ளைங்க கேட்டா காட்டுறதுக்கு, உள்ள டம்பெல் மாதிரி இருக்குற அதோட மையப்பகுதி தெரியுற அந்த கண்ணாடி சிற்பத்தை விட நல்லதா வேற எதுவும் என் கண்ணுல படல.

கொரோனாவுக்கு வர்றேன். 2020 ஜனவரில அமெரிக்காவுல நோய்க் கட்டுப்பாட்டு மையத்துல வேலை பார்த்த அலிசா எக்கர்ட், டான் ஹிக்கின்ஸ்னு ரெண்டு மருத்துவ ஓவியர்கள் ஒரு படம் செஞ்சாங்க, சாம்பல் கலர் உருண்டை, அது மேல சிவப்பு முள்ளு. அதுல அந்த முள்ளு, அதாவது ஸ்பைக் புரதம், தனியா எடுத்து தெரியணும்னுதான் சிவப்பு குடுத்தாங்க, வேற புரதங்களுக்கு மஞ்சள், ஆரஞ்சு. நோக்கம் நல்ல நோக்கம். ஆனா அந்த சிவப்பு அங்க இருந்து கிளம்பி உலகம் பூரா போயிடுச்சு, அடுத்த ரெண்டு மாசத்துல சென்னைல ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் சிவப்பு முள்ளு வச்ச கொரோனா ஹெல்மெட் போட்டு ரோட்டுல நின்னு வீட்டுக்கு போங்கப்பான்னு ஜனங்களை கெஞ்சினார், நீங்களும் படம் போட்டிருந்தீங்க, அதை பார்த்து எத்தனையோ பேர் உள்ள இருந்திருப்பாங்க, அந்த இன்ஸ்பெக்டரையும் ஹெல்மெட் செஞ்ச ஓவியரையும் மனசார கும்பிடுறேன். நான் சொல்றது அதுக்கப்புறம் நடந்ததை. ஸ்கூல் திறந்து பிள்ளைங்க ரெக்கார்டு நோட்டு கொண்டு வந்தப்ப கொரோனாவுக்கு சிவப்பு ஸ்கெட்ச், டெங்குவுக்கு பச்சை ஸ்கெட்ச், ஏன்டா பச்சைன்னு கேட்டா பேப்பர்ல அப்படித்தான் மிஸ் இருந்துச்சுங்குது. பாக்டீரியால கிராம் சாயம் ஏத்தினா ஊதா, இளஞ்சிவப்புன்னு வருமே, அது சாயம் ஏத்தினதுன்னு நாங்க பாடத்துலயே சொல்லிடுறோம், அதுல குழப்பம் இல்ல. வைரஸ் படத்துக்கு அந்த ஒரு வரி எங்கயும் இல்ல.

அதே 2020ல ஜெரமும் ஒரு கொரோனா செஞ்சார், 23 சென்டிமீட்டர் குறுக்களவு, நிஜத்தை விட இருபது லட்சம் மடங்கு. கலர் இல்ல. நோயோட போராடுற டாக்டர், நர்ஸ், விஞ்ஞானிகளுக்கு மரியாதையா அதை செஞ்சதா சொன்னார், அதுல வர்ற லாபம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு, வசதி இல்லாத நாடுகளுக்கு உதவுறதுக்கு. அடுத்த வருஷம் அவர் செஞ்சதுதான் நமக்கு இன்னும் நெருக்கம். பிரிட்டன்ல ஒரு கோடியாவது தடுப்பூசி போட்டப்ப அதோட நினைவா ஆக்ஸ்ஃபோர்டு அஸ்ட்ராஜெனிகா தடுப்பூசியோட துகளை கண்ணாடில செஞ்சார், 34 சென்டிமீட்டர். அது என்ன துகள்னா சிம்பன்சிகிட்ட இருந்து எடுத்த ஒரு அடினோ வைரஸ், நம்ம உடம்புல பெருகாத மாதிரி மாத்தி, கொரோனாவோட ஸ்பைக் புரதத்துக்கான குறிப்பை உள்ள வச்சு அனுப்புறது, இருபது முக்கோண முகம் உள்ள வடிவம். புனேல சீரம் நிறுவனம் கோவிஷீல்டுன்னு தயாரிச்சது இதே தடுப்பூசிதான். அதாவது உங்க கையிலயும் என் கையிலயும் எங்க ஊர்ல வரிசைல நின்ன முக்கால்வாசி பேர் கையிலயும் ஏறினது எதுவோ அதைத்தான் அந்த மனுஷன் பிரிஸ்டல்ல இருந்துக்கிட்டு கண்ணாடில காட்டியிருக்கார். நோயை இத்தனை தடவை கலர்ல போட்ட நாம தடுப்பூசி உள்ள எப்படி இருக்கும்னு ஒரு தடவையாவது ஜனங்களுக்கு காட்டினோமா? சிரிஞ்சும் பாட்டிலும்தான் காட்டினோம். காட்டியிருந்தா ஊசிக்கு பயந்த எங்க ஊர் பெரியவங்க சிலபேரையாவது உக்கார வச்சு பேசியிருக்கலாம்னு எனக்கு இன்னும் ஆதங்கம்.

சிலபேர் கேக்கலாம், கண்ணாடி மட்டும் உண்மையா, வைரஸ் என்ன மேஜை மேல பளபளன்னு தனியா உக்காந்தா இருக்குன்னு. சரியான கேள்வி. நிஜத்துல அது செல்லுக்குள்ள நெருக்கடில ஆயிரம் மூலக்கூறுக்கு நடுவுல முட்டி மோதிக்கிட்டு இருக்கும், அழகும் கிடையாது. ஆனா கண்ணாடி சிற்பத்தை பார்க்குற யாருமே இதான் அசல்னு நினைக்க மாட்டாங்க, இது ஒருத்தர் செஞ்சதுன்னு பார்த்ததுமே தெரியுது. கலர் பூசின படம் போட்டோ மாதிரி வேஷம் போட்டு வருது, பிரச்சனை அங்கதான். கலரே வேணாம்னு நான் சொல்ல வரல, பாகம் பிரிச்சு காட்ட கலர் வேணும், போர்டுல நானே கலர் சாக்பீஸ்லதான் வரையுறேன். போட்டது யாரோ பூசின கலர்னு சொல்லிட்டு போடுங்கன்னுதான் கேக்குறேன்.

ஜெரம் வெறும் கண்ணாடி மட்டும் பண்றவர் இல்ல. தெருவுல பியானோவ வச்சு யார் வேணா வாசிக்கலாம்னு விட்டார், 2008ல பர்மிங்ஹாம்ல 15 பியானோவோட ஆரம்பிச்சு எத்தனையோ நாட்டுக்கு போயிடுச்சு. நாசா எடுத்த படங்களை வச்சு 7 மீட்டர்ல ஒரு நிலா பண்ணி தொங்க விட்டார், அது இந்தியாவுக்கும் வந்து போச்சு. அதெல்லாம் நிறைய பேர் எழுதியாச்சு, பிரபலமும் அதுதான், ஆனா என்னை கேட்டா அவர் பண்ணதுல காலத்துக்கும் நிக்கப் போறது இந்த வைரஸ்தான்னு சொல்லுவேன். அறிவியலுக்கு கண்ணாடில உருவம் செய்யுறதுக்கு ஒரு பெரிய முன்னோர் வரிசையும் இருக்கு. ஜெர்மனில டிரெஸ்டன் பக்கத்துல லியோபோல்டு பிளாஷ்கா, ருடால்ஃப் பிளாஷ்கான்னு அப்பாவும் மகனும், 1887ல இருந்து 1936 வரைக்கும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு கண்ணாடிலயே பூ செஞ்சு அனுப்பினாங்க, தாவரவியல் பாடம் நடத்துறதுக்கு, நாலாயிரத்துக்கும் மேல மாதிரிகள், இன்னைக்கும் அங்க இருக்கு. அவங்க கலர் குடுத்தாங்க, ஏன்னா பூவுக்கு கலர் இருக்கு. ஜெரம் குடுக்கல. ரெண்டு பேரும் பொருளுக்கு உண்மையா இருந்தாங்கன்னுதான் நான் பார்க்குறேன்.

கடைசியா இன்னொரு விஷயம், இதை ஒரு செய்திக் கட்டுரையாவே நீங்க பண்ணலாம். ஜெரம் தன்னோட கையால ஊதுறவர் இல்ல, அதை அவர் மறைக்குறதும் இல்ல, கிம் ஜார்ஜ், ப்ரையன் ஜோன்ஸ், நார்மன் வீட்ச்னு செஞ்சு குடுத்தவங்க பேரை சொல்லித்தான் போடுறார், அந்த நேர்மை எனக்கு பெருசா படுது. இவங்கள்ல ஜோன்ஸும் வீட்ச்சும் லேபுக்கு கருவி செய்யுற கண்ணாடி தொழில்ல கை பழகினவங்க, இங்கிலாந்துல சண்டர்லேண்டு ஊர்க்காரங்க. அந்த ஊருக்கும் கண்ணாடிக்கும் உள்ள உறவு கி.பி. 674ல இருந்து வருது, அங்க கட்டின மடத்துக்கு ஜன்னல் கண்ணாடி போட பிரான்ஸ் பக்கம் இருந்து ஆள் கூட்டிட்டு வந்தாங்க. பைரெக்ஸ் கண்ணாடி தொழிற்சாலை அங்க பல தலைமுறைக்கு சோறு போட்டுச்சு, 2007ல மூடிட்டாங்க. 1998ல அங்க திறந்த தேசிய கண்ணாடி மையத்தையும் மூடப்போறதா 2023ல சண்டர்லேண்டு பல்கலைக்கழகம் அறிவிச்சுது, ஊர் ஜனங்க எதிர்த்து குரல் குடுத்தாங்க. இந்த மாதிரி கை போச்சுன்னா ஜெரம் மாதிரி ஒருத்தர் வரைஞ்சு வச்சுக்கிட்டு யார்கிட்ட போவாரு?

நம்ம பக்கமும் இந்த தொழில் தெரிஞ்சவங்க இருக்காங்க. எங்க ஸ்கூல் லேப்ல இருக்குற போரோசில் ஃப்ளாஸ்க் எல்லாம் கம்பெனில இருந்து வருது, ஆனா ஆராய்ச்சிக்கு தேவையான வினோதமான வடிவத்துல வர்ற குழாயையும் குடுவையையும் கம்பெனி செய்யாது, ஒருத்தர் உக்காந்து ஊதித்தான் ஆகணும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல அதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு. தமிழ்நாட்டுல எந்தெந்த பல்கலைக்கழகத்துல, எந்த கல்லூரில இப்படி கண்ணாடி ஊதுறவங்க இன்னும் வேலைல இருக்காங்க, அவங்களுக்கு பின்னாடி யாராவது கத்துக்குறாங்களா, ரிட்டயர் ஆனா அந்த இடத்துக்கு ஆள் போடுறாங்களான்னு உங்க நிருபர் ஒருத்தரை அனுப்பி எழுத வைங்க. படம் எடுக்க வர்றவரை சுவாலை எரியும்போது எடுக்க சொல்லுங்க. கட்டுரை மாணவர் பக்கத்துல வந்தா நல்லது, அதோட ஜெரமோட எச்.ஐ.வி. இல்ல தடுப்பூசி சிற்பத்தோட போட்டோ ஒன்னை அவர்கிட்ட முறையா அனுமதி வாங்கி பக்கத்துலயே போடுங்க, நான் வெட்டி எங்க லேப் சுவர்ல ஒட்டுறேன்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி,
மேல்நிலை உயிரியல் ஆசிரியை,
தென்காசி மாவட்டம்.